மூவாயிரம் ஹெர்ட்ஸ்

தம்பெரேயில் நவம்பர் என்றால்
பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
எனக்கு அது தோது.
மேசை விளக்கின் கீழே
வயிறு திறந்து கிடக்கிறது ஒரு கேசட் டெக்.
பன்னிரண்டு யூரோ.
ஓஸ்ஸியின் கடை மூலையில்
"ஓடுமா, தெரியாது" என்ற சீட்டை
நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஓடுமா, தெரியாது.
கல்யாணத்துக்கு முன்னால் தூயிரெயும்
தன் தோழிகளிடம் என்னைப் பற்றி
இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராகியிருந்தது.
தொட்டால் விரலை விடாது.
விரல் தொட்ட கதவுப்பிடியை விடாது,
துண்டை விடாது,
வெள்ளைப் பூனையின் இடது காதை
இன்னும் விடவில்லை.
ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சிகள் ஐம்பத்திரண்டு.
எண்ணினேன்.
ஜன்னலுக்கு வெளியே
மழையாகவும் துணியாமல் பனியாகவும் துணியாமல்
ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது,
வேறெதை எண்ண?

தலை உப்பிய கெப்பாசிட்டர்கள் நான்கைக் கழற்றி
புதியவை நான்கு வைத்தேன்.
ஈயம் உருகும்போது பிசின் புகைந்தது.
சமையலறையில் கிறிஸ்துமஸ் மரம் கருகுகிறது
என்பாள் தூயிரெ.
அவள் டிராம் ஓட்டப் போயிருந்தாள்.
கருகட்டும்.

பிறகு அளவு நாடா.
அதில் பாட்டு கிடையாது,
ஒரே ஒரு விசில்,
மூவாயிரம் ஹெர்ட்ஸ், மூச்சு விடாமல்.
மோட்டாரின் முதுகில் ஒரு துளை,
துளைக்குள் ஒரு திருகு.
மயிரிழை வலம், மயிரிழை இடம்.
மீட்டரில் 2996,
3004,
3000.
மாடியில் யாரோ ரேடியேட்டரைத் தட்டினார்கள்.
போதும், அணை என்று அர்த்தம்.

சோதனைக்கு நான் எப்போதும் போடுவது ஒரே கேசட்.
பதினாலு வயதில்
புளூபெர்ரி பறித்த காசில் வாங்கியது.
அட்டையில் தோளில் பஞ்சு வைத்த நான்கு பையன்கள்,
நடுவில் ஒருத்தி, யாரையும் பார்க்காமல்.
இரண்டாம் பக்கம், முதல் பாட்டு.
துள்ளிக்கொண்டு வருவாள்,
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி.

இன்று அவள் ஓடவில்லை.
நடந்து வந்தாள்.
குரல் அரைச் சுரம் கீழே.
இரண்டு வரிகளுக்கு நடுவில்
நின்று மூச்சு வாங்கினாள்.
பஸ் போய்விட்டது என்று
அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

டெக்கைத்தான் சந்தேகப்பட்டேன்.
மறுபடி விசில், மறுபடி மூவாயிரம்.
அப்புறம், வேண்டாம் வேண்டாம் என்றபடியே
அலமாரியிலிருந்து என் சொந்த டெக்கை இறக்கி
அளந்தேன்.

3171.

முப்பத்தெட்டு வருடம்.
இதே பாட்டு எப்போதாவது ரேடியோவில் வரும்,
அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்
தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

கணக்குப் போட்டேன்.
பாட்டு மூன்று நிமிடம் நாற்பது நொடி.
என்னிடம் மூன்று இருபத்தெட்டில் முடிந்திருக்கிறது.
ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நொடி
மிச்சம் பிடித்திருக்கிறேன்.
எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

பத்து மணிக்குத் தூயிரெ வந்தாள்,
சீருடையோடு, ஈரக் காலுறையோடு.
இந்தப் பாட்டை இந்த வீட்டில்
ஆயிரம் தடவை நிறுத்தச் சொன்னவள்
கெட்டிலை வைத்துவிட்டு நின்றாள்.
"யார் இது? நல்லா பாடுறாளே."

சொல்லவில்லை.
முடியும் வரை நின்று கேட்டாள்.
"பாவம்," என்றாள்,
காப்பிப்பொடி டப்பாவைத் திறந்தாள்.

பழைய டெக்கின் முதுகிலும் அதே துளை உண்டு,
உள்ளே அதே திருகு.
ஸ்க்ரூடிரைவர் கையில்தான் இருந்தது.
இரண்டு முறை உள்ளே விட்டு
இரண்டு முறை வெளியே எடுத்தேன்.

அலமாரியில் இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.
காலையில் அவசரமாய்க் கிளம்பும்போது இதைப் போடுவேன்,
மற்ற நேரத்தில் அதை
என்று சொல்லிக்கொண்டேன்.

எது எது என்று சீட்டு ஒட்ட வேண்டும்.
விரலில் தார் இன்னும் போகவில்லை,
எழுதிய சீட்டெல்லாம்
என்னிடமே ஒட்டிக்கொள்கிறது.