அரை மாத்திரை

நாலு பேராக இருந்தபோது
ஒரு டிவிஎஸ் எக்ஸெல்தான் அலுவலகம்.
முன்னால் பஞ்சு, டெட்டால், வடிகுழாய்.
பின்னால் துளசிமணியக்கா.
பல்லடத்திலிருந்து பொங்கலூர்,
அங்கிருந்து கொடுவாய்.
எழ முடியாமல் கிடப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைத்து
முதுகுப் புண்ணைக் கழுவிவிட்டு வருவோம்.
கொள்கை என்று எதுவும் எழுதி வைத்ததில்லை.
"போலாமுங்களா?"
"போலாமுங்."
அவ்வளவுதான் நிர்வாகம்.

இப்போது நாற்பத்து மூன்று பேர். மூன்று வேன்.
பழைய தறிக்குடோனை வாடகைக்குப் பிடித்து
குறுக்கே பிளைவுட் அடித்திருக்கிறோம்.
ஒரு பனியன் கம்பெனி
மூன்று வருடத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.
கூடவே வந்தது விரல் வைக்கும் எந்திரம்.
பதினாறு வருடம் சோப்புத் தண்ணியில் ஊறி
ரேகை தேய்ந்துபோன கட்டைவிரலை
அதற்கு அடையாளம் தெரியவில்லை.
தினமும் காலையில் 'மீண்டும் முயலவும்' என்கிறது.
எந்திரத்திடமும் 'சரிங்' என்கிறார்
துளசிமணியக்கா.

கோவையிலிருந்து ஆலோசகர் வந்தார், நல்ல பையன்.
உங்கள் விழுமியங்கள் ஐந்தை எழுதிக் கொடுங்கள்,
சுவரில் மாட்டலாம் என்றார்.
இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.
கருணை என்று எழுதினேன்.
நன்கொடை ரசீது மாதிரி இருந்தது. அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை.
காமநாயக்கன்பாளையத்தில் ஒருவருக்கு மார்ஃபின் தீர்ந்து
அவர் மகள் எட்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.
ஏழு மணி வேன் ஒன்பதுக்கு வந்தது.
வாசலிலேயே கேட்டேன்,
"எங்க போன? வண்டிய எங்க நிறுத்துன?"

பக்கத்துக் குடோனில் இன்னும் தறி ஓடுகிறது.
அந்தச் சத்தத்தில்
எந்தப் பேச்சிலும் கடைசி எழுத்துத்தான் முதலில் தொலையும்.
அப்படித் தொலைந்திருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
ஆனால் அது கரண்ட் போயிருந்த நேரம்.
தறி நின்றிருந்தது.
பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை.

"பஞ்சருங். ஸ்டெப்னியிலயும் காத்து இல்லீங்.
போன மாசமே எழுதிக் குடுத்தனுங்."

தேடினேன். இருந்தது,
விழுமியங்களுக்கு அடியில்.
'புது ஸ்டெப்னி வேண்டும். இப்படிக்கு, வ. சென்னியப்பன்.'
நாலு மாதமாக எங்கள் வேனை ஓட்டுகிறவரின் பெயரை
அந்தத் தாளில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் கைக்குழந்தையையும்
'வாங்க சாமி' என்போம்.
பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.
எல்லோருக்கும் அது கிடைத்ததில்லை என்பதைச்
சொல்லிக்கொள்வதில்லை.
யாரிடம் வைப்பது, யாரிடம் விடுவது என்று
இந்த மண்ணில் ஒரு பழைய கணக்கு உண்டு.
செருப்போடு அதையும் வெளியே விடுவதென்று
நாங்கள் நாலு பேரும்
பேசாமலே முடிவு செய்திருந்தோம்.
ஐந்தாவதாக வந்தவரிடம் சொன்னோமா, நினைவில்லை.
நாற்பத்து மூன்றாவது ஆளிடம்
சொல்லவில்லை என்பது நிச்சயம்.

திங்கள் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.
"சென்னியப்பன், அன்னைக்கு நான் பேசினது தப்புங்."
அவர் சாவிக்கொத்தைப் பார்த்தபடி
"வுடுங்க" என்றார்.
மன்னித்தாரா, கூச்சப்பட்டாரா, தெரியவில்லை.
யாரோ இருமினார்கள்.
அந்த வாரம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தோம்.
மூன்று பேர்.
காமநாயக்கன்பாளையத்துக்காரர் அதில் இல்லை.

மூன்று வேனுக்கும் ஸ்டெப்னி வாங்கியாயிற்று.
எந்திரத்தைக் கழற்ற முடியாது, பணம் தருகிறவர்களுக்குக் கணக்கு வேண்டும்.
அக்காவுக்கு மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒற்றெழுத்துக்கு இலக்கணம் கொடுத்தது அரை மாத்திரை.
அரை மாத்திரை
ஒரு ராத்திரியை என்ன செய்யும் என்று
எங்களுக்குத் தெரியும்.

நேற்று ஆலோசகர் கூப்பிட்டார்.
அஞ்சும் ரெடியா மேடம்?
"ஒண்ணுதானுங் இருக்குது. அதுவும் அரைதானுங்."
தறி ஓடிக்கொண்டிருந்தது.
அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல.
"என்னங்க?" என்றார்.