பழுதுபார்க்கும் நிலம்

காலை நாலே முக்காலுக்கு
குழிகளை இடம் மாற்றுவது என் வேலை.
நேற்றைய கொடியைப் பிடுங்கி
பத்தடி தள்ளி, சரிவு பார்த்து,
இரும்புக் குழாயைக் காலால் அழுத்தித் திருகினால்
புல்லோடு ஒரு மண் உருளை எழும்பி வரும்,
குழல் புட்டுப் போல, அலுங்காமல்.
அதை நேற்றைய வாய்க்குள் திணித்து மிதிப்பேன்.
மூன்று நாளில் தழும்பும் தெரியாது.

மஸ்கோகாவில் எங்கே விளையாடலாம் என்று
விடுதி வாசலில் ஒரு மடிப்புத் தாள் இருக்கிறது.
பாறையை வெடிவைத்துச் செதுக்கிய மைதானம்,
ஓர் ஆட்டத்துக்கு என் மூன்று நாள் சம்பளம்.
மாட்டுப் பண்ணையாய் இருந்த ஒன்பது குழி,
காசைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடலாம்.
ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால்
காற்றாலைக்குள்ளால் பந்து போகும் பிள்ளைகளின் மைதானம்.
எங்களுடையது நடுத்தரம்.
ஏரி மட்டும் தாராளம்.

ஜூன் பன்னிரண்டு.
பதினாலாவது குழிக்குப் பக்கத்து மணற்பள்ளத்தில்
யாரோ சமப்படுத்தாமல் விட்டுப்போன தடம் என்று
வாரியோடு இறங்கினேன்.
தடம் திரும்பிப் பார்த்தது.

சுளகளவு ஓடு. முதுகில் பாசி.
ஈர்வாள் மாதிரி வால்.
பின்னங்காலால் மணலைத் தள்ளித் தள்ளி
ஒரு முட்டை. கொஞ்சம் ஓய்வு. இன்னொன்று.
வெள்ளை, உருண்டை,
நான் அதைக் கொல்ஃப் பந்து என்று சொல்லப் போவதில்லை.
பிறகு வந்த எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஏழு மணிக்கு முதல் நால்வர் வந்துவிடுவார்கள்.
ரேடியோவில் லைலைக் கூப்பிட்டேன்.
வந்தார். தொப்பியைக் கழற்றினார். சும்மா நின்றார்.
பேந்து வண்டியிலிருந்து நாலு நீலத் தடி, கயிறு,
நரிக்கும் ரக்கூனுக்கும் ஒரு கம்பி வலை.
பலகையில் என்ன எழுத என்றேன்.
பழுதுபார்க்கும் நிலம் என்றார்.
விதிப் புத்தகத்தில் அதற்குத்தான் இடம் உண்டு:
உள்ளே விழுந்த பந்தை
வெளியே எடுத்துப் போட்டு ஆடலாம், தண்டனை கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து வரும் மனிதர்
மூன்று முறை உள்ளே அடித்தார்.
மூன்றாம் முறை கயிற்றுக்கு மேலால் காலைத் தூக்கினார்.
தூக்கியபடியே நின்றார்.
பிறகு இந்தப் பக்கமே வைத்தார்.
ஏன் என்று தெரியாது.
நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன், பார்க்காத மாதிரி.
அடுத்த நாள் பதினாலாவது கொடியை
கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழுகிற இடத்தில் வைத்தேன்.
அவர் சனிக்கிழமை வருவதில்லை என்பது
பிறகுதான் ஞாபகம் வந்தது.

செப்டெம்பரில் ஒரு விடியல்.
ஏரியிலிருந்து புகை போல மூடுபனி.
வலைக்கடியில், மணலில்,
பெருவிரல் நுழையும் ஒரு துளை,
நான் வெட்டாதது.
அங்கிருந்து பனித்துளியைக் கிழித்துக்கொண்டு
நூல் நூலாய்க் கோடுகள்.
எல்லாம் தண்ணீரை நோக்கி.
ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம்,
புல்வெளிக்குக் குறுக்கே, வளைந்து வளைந்து,
கொடிவரை.

குனிந்து பார்த்தேன்.
பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில்
இரண்டு டொலர்க் காசளவு
ஒரு கோபம், வாயைத் திறந்தபடி.

கையை விட்டு எடுத்தேன்.
கரைவரை நூற்று முப்பது அடி, எண்ணி நடந்தேன்.

அன்று பதினாலாவது குழியை மாற்றப் பிந்திவிட்டது.
லைல் கேட்டார்.
பனி என்றேன்.