மாதச் சராசரி

வரைபின் பதினான்காம் பக்கத்தில்
எங்கள் ஆறு ஒற்றை வரியாய்க் கிடந்தது:
"ஏற்கும் நீர்நிலை. ஓட்டம் போதுமானது."
அளந்த திகதி மார்கழி பதினெட்டு.

மார்கழி பதினெட்டில்
புளியமுறிப்புக் குளம் மூன்று நாளாய் வான் பாய்ந்தது.
பாலத்துக்கு மேலால் தண்ணி,
வவுனியா பஸ் பாதியில் திரும்பிய கிழமை.
அன்றைக்கு அளந்தால்
மாட்டுக் குளம்படியும் நீர்நிலைதான்.

நான் மாதிரி எடுப்பவள்.
அரை லீற்றர்ப் போத்தல்,
அடியில் நாலு சொட்டு நைத்திரிக் அமிலம்,
ஒட்டுத்தாள், நேரம், என் கையொப்பம்.
அதுக்கு முதல் ஆறு வருசம் கண்ணிவெடி கிண்டினேன்.
அதற்கும் ஒரு எல்லை இருந்தது: ஒரு சாண்.
ஒரு சாண் ஆழம் துப்புரவு என்று
கையெழுத்து வைத்துக் காணியைக் கொடுப்போம்.
பவளராணி வாங்கிப் படித்துவிட்டு
அதுக்குக் கீழே என்ன என்று கேட்டாள்.
உழவு மெசினின் கலப்பை
ஒன்றரைச் சாண் இறங்கும் என்றும் சொன்னாள்.
என்னிடம் பதில் இருக்கவில்லை.
அவள் உழுதாள்.

கூட்டம் பிரதேச செயலக மேல்மாடியில்.
ஏசி வேலை செய்தது, மைக் செய்யவில்லை.
கொழும்பிலிருந்து வந்தவர் நல்ல மனிசன்,
எல்லாருக்கும் தமிழில் வணக்கம் சொன்னார்.
திரையில் அட்டவணை:
யுரேனியச் சுரங்கக் கழிவுநீர்,
ஒருநாள் உச்சம் இவ்வளவு,
மாதச் சராசரி அதில் பாதி,
தலைப்பில் "சகிக்கத்தக்க எல்லை."
எழுபது கிலோ நிறையுள்ள ஒருவர்
நாளுக்கு இரண்டு லீற்றர் குடிப்பதாய்
எடுத்துக்கொண்டோம் என்றார்.

அப்படி ஒருவரைத் தேடி
எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.
பவளராணி நாற்பத்தாறு கிலோ.
சிறுபோகத்தில் களை பிடுங்கப் போனால்
ஐந்து லீற்றர்க் கான்
மத்தியானத்துக்கு முன்னம் வெறுமையாகிவிடும்.

கமக்கார அமைப்புச் செயலாளர் தெய்வேந்திரம் எழும்பினார்.
"சேர், எங்கட குளம் பன்னிரண்டு அடி.
அதுக்கு மேலே வான்.
பதினாலு வந்த இரவு கட்டு உடைஞ்சது.
மாதச் சராசரி பார்த்தால்
ஒன்பதடிதான், உடைஞ்சே இருக்காது."
சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்,
கொப்பியில் ஏதோ எழுதினார்.
பகிடியை எழுதினாரா கணக்கை எழுதினாரா
நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

பிறகு நான் போனேன்.
கைப்பையிலிருந்த போத்தலை மேசையில் வைத்தேன்.
ஒட்டுத்தாள் சரி, நேரம் சரி,
உள்ளே நாலு சொட்டு அமிலம் மட்டும்.
"இது என்ன?"
"ஆவணி."

விளங்கப்படுத்தினேன்.
ஆவணியில் ஆறு மணல்.
தண்ணி இல்லையென்றால் மாதிரி இல்லை,
மாதிரி இல்லையென்றால் கணினி
அந்த மாதத்தையே தாண்டிப் போகும்.
நனைந்த மாதங்களின் சராசரிதான் உங்கள் ஆறு.
சுரங்கத்துக்கு விடுமுறை இல்லை.
அப்ப ஆவணியில் இங்கே ஓடப்போவது
நீங்கள் விடுகிற தண்ணி மட்டும்.
அதை எதில் கரைப்பீங்கள்?

மைக் இல்லாத குரல்,
கடைசிக் கதிரை வரை போயிருக்காது.
அவர் போத்தலை எடுத்து
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
மூடியைத் திறக்காதீங்கள், சுடும் என்றேன்.

எட்டு மாதம் கழித்துத் திருத்திய வரைபு வந்தது.
பக்கம் இப்போது பதினாறு.
"ஓட்டம் பருவத்துக்குப் பருவம் போதுமானது."
இரண்டு சொல் கூடியிருந்தது.
இலக்கங்கள் அப்படியே.

இன்றைக்கு ஆவணி ஏழு.
துருசடியில் நிற்கிறேன்.
மணலில் எருமைத் தடம், ஒரு செருப்பு,
போன வருசத்து நெத்தலி வலைத் துண்டு.
போத்தலில் நேரம் எழுதுகிறேன்: காலை 6.40.
பவளராணி மோட்டார் சைக்கிளை நிறுத்தி
என்ன அள்ளுறாய் என்கிறாள்.
பிடி என்று மற்றப் போத்தலைக் கொடுத்தேன்.
சாட்சிக் கையொப்பத்துக்கு
ஒட்டுத்தாளில் இடம் இருக்கிறது.