வினா எழவில்லை

சென்னையில் கொடுத்த கேள்வி
ஏற்காட்டுக்கு வந்து சேர இரண்டு நாள்.
கோட்டையிலிருந்து இயக்ககம்,
அங்கிருந்து சேலம் கலெக்டர் ஆபீஸ்,
அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
வாட்ஸ்அப்பில் என் கைக்கு:
‘சட்டமன்றப் பொருள். மிக அவசரம்.
மாலை நான்கு மணிக்குள்.’

நட்சத்திரக் குறியிட்ட வினா எண் 214.
திருமதி வெ. பழனியாயி:
(அ) சேர்வராயன் மலை, மேல்நாரத்திக்காட்டில்
அனுமதிக்கப்பட்ட வீடுகள் எத்தனை;
(ஆ) அவற்றுள் கூரை போட்டவை எத்தனை;
(இ) ஏனையவை லிண்டல் மட்டத்தில் நிற்பதற்குக் காரணம் யாது;
(ஈ) விரைந்து முடிக்க அரசு ஆவன செய்யுமா?

நான் ஒன்றிய ஓவர்சீயர்.
போய் எண்ண வேண்டியதில்லை, கணக்கு மனப்பாடம்.
இருந்தாலும் போனேன்.

பைக் நிற்கிற இடத்தில் நிற்கும்.
அதற்குமேல் இரண்டு கிலோமீட்டர் நடை,
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறுகிற பாதை.
மணலும் இதே பாதையில்தான் தலைச்சுமையாய் வந்தது.
அஸ்தம்பட்டியில் ஒரு விலை,
அடிவாரத்தில் ஒரு விலை,
கடைசி ஏற்றத்தில் சட்டிக்கு இவ்வளவு என்று கூலி.
மதிப்பீட்டில் மட்டும்
மலைக்கும் சமவெளிக்கும் ஒரே மணல்.

நாற்பத்தொரு வீடு. கூரை போட்டது பதினாலு.
மற்றதெல்லாம் ஜன்னலுக்கு மேலே
ஒரு சாண் கான்கிரீட்டோடு நின்றுவிட்டன.
அதன்மேல் நீலத் தார்ப்பாய்.
சின்னபாப்பு வீட்டுத் தார்ப்பாய்
நடுவில் தண்ணி தேங்கித் தூளி மாதிரித் தொங்க,
அவள் அகப்பைக் காம்பால் கீழிருந்து
முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்ததும், ‘போட்டோவா சார்?’
பழக்கத்தில் திட்டப் பலகையைப் பிடித்தபடி
வாசலோரம் போய் நின்றாள்.
டவர் இல்லை.
டவர் இல்லாவிட்டால் படத்தில் இடம் பதியாது.
இடம் பதியாவிட்டால் சுவர் இல்லை.
சுவர் இல்லாவிட்டால் அடுத்த தவணை இல்லை.
அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
போன தை மாதம் உறுப்பினர் இங்கே வந்திருந்தார்.
கல்லாய் இறுகிப்போன சிமெண்ட் மூட்டையொன்றில் உட்கார்ந்து,
கூட வந்தவர்கள் டீக்குப் போன நேரம் பார்த்து
என்னிடம் கேட்டார்:
‘நீங்க கேக்கறதா இருந்தா எப்படிக் கேப்பீங்க தம்பி?’
சொன்னேன்.
பழைய டைரியில் குறித்துக்கொண்டார்.
லிண்டல் மட்டம் என்பது
என் வாயிலிருந்து போன சொல்.

ஆக, என் கேள்விக்கு நானே
பதில் எழுத உட்கார்ந்தேன்:
(அ) 41. (ஆ) 14.
(இ) மதிப்பீட்டில் ஏற்றுக்கூலி இல்லை.

பி.டி.ஓ. ஏற்றுக்கூலியை அடித்தார்.
சேலத்தில் பதினாலை அடித்தார்கள்.
சென்னையில் எதை அடித்தார்கள் என்பது
டீக்கடையில், செல்போனில்தான் தெரிந்தது.

மாண்புமிகு அமைச்சர்:
(அ) நாற்பத்தொன்று.
(ஆ) பணிகள் பல்வேறு நிலைகளில் உள்ளன.
(இ), (ஈ) எழவில்லை.

வீடா, வினாவா,
எது எழவில்லை என்று சொல்லவில்லை.

பழனியாயி எழுந்தார். கையில் தாள் இல்லை.
‘பேரவைத் தலைவர் அவர்களே,
வீடு பல நிலையில இருக்குதுன்னு அமைச்சர் சொல்றாரு.
மழை ஒரே நிலையிலதாங்க பெய்யுது.
அதுக்கு என்ன பதிலுங்க?’

இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள்.
அமைச்சரும் சிரித்துவிட்டு
‘ஆவன செய்யப்படும்’ என்றார்.
அடுத்தது 215, எந்த ஊருக்கோ பேருந்து நிலையம்.

அந்தத் துணைக் கேள்வி
நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

டீ ஆறுவதற்குள் கை அதிர்ந்தது:
‘ஏற்றுக்கூலி விவரம் தனி அறிக்கையாக. மிக அவசரம்.’
இரண்டு முறை படித்தேன்.

ஒரு கூரைக்கு எத்தனை சட்டி மணல்?
இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை,
நானும் யாரையும் கேட்டதில்லை.
சுமந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
சின்னபாப்புவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

காசை வைத்துவிட்டு
பைக்கை மேலே திருப்பினேன்.
தூறல் தொடங்கியிருந்தது.