மூன்று பிக்சல் கிழக்கே

இரவில் அதற்குப் புகை தெரியாது.
வெப்பம் மட்டும் தெரியும்:
கரும்பலகையில் சாக்பீஸால் குத்தியதுபோல
நாற்பத்தொரு தீ.
புகையைப் பார்க்க விடிய வேண்டும்.
சூரியன் தாழ்ந்து, பக்கவாட்டில் வரும்
அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

வின்னிபெக், ஐந்து நாற்பது.
காபி ஆறிவிட்டது.
முதல் படம் இறங்குகிறது.
மேகம் சுலபம். வெள்ளை, ஓரமெல்லாம் கூர்மை,
தான் மேகம் என்பதை ஒளிக்காது.
புகை, தூரிகை அலசிய தண்ணீர்.
எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிடலாம்.
எங்கே முடிகிறது என்பதை
நான்தான் முடிவு செய்கிறேன், மவுஸால்.

மெல்லியது, நடுத்தரம், அடர்த்தி.
ஏழு மணிக்கு அறிக்கை.
அதைப் பார்த்து எங்கோ ஒரு பள்ளி
ஜன்னல்களைச் சாத்தும்.

போன வாரம் ஒன்றை அட்லாண்டிக் வரை துரத்தினேன்.
நியூஃபவுண்ட்லாந்து தாண்டியதும் படம் தீர்ந்தது.
மிச்சத்தை போர்ச்சுகலில் யாரோ
இன்னொரு மவுஸால் வரைந்திருப்பார்கள்.

நெருப்பில்லாமல் புகையாது, சரி.
ஆனால் நெருப்பு இருக்கும் இடத்தில்
ஸ்ப்ரூஸ் மரங்களும் பெயரில்லாத ஏரிகளும்தான்.
ஆட்கள் இருப்பது
புகை போகும் இடத்தில்.

மேலிருந்து பார்ப்பதில் ஒரு குறை,
உயரம் பிடிபடாது.
ஐந்து கிலோமீட்டர் மேலே கடந்துபோகிற புகையும்
மூக்கு மட்டத்தில் நிற்கிற புகையும்
ஒரே பழுப்பு.
அதனால் ஒரெஸ்ட் ஹாலிக்கைக் கூப்பிடுகிறேன்.
கிரான்பெரி போர்ட்டேஜில்
படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர்.
அந்த ஊரில் கருவி வைக்கப் பணம் ஒதுக்கவில்லை.
அவருக்கு மூக்கு இருக்கிறது.

"வாசனை வருதா?"
"இல்லை. வானம் கொஞ்சம் மோர் மாதிரி."
"தொண்டை?"
"அது எப்பவும் இப்படித்தான். பெட்ரோல்."

கோட்டை ஊருக்கு மேற்கே நிறுத்தினேன்.

"இரு," என்றார்.
"டாரியா நேத்து போர்வை காயப்போட்டா, எடுக்கவே இல்லை."
கதவுச் சத்தம். மரப்படிகள். ஒரு நாய்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"ஊசியிலை," என்றார்.
"முழுசா இருக்கு, காம்புகூட. கறுப்பு.
தொட்டேன்.
இல்லாமப் போச்சு."

என் படத்தில் ஒரு பிக்சல் ஒரு கிலோமீட்டர்.
அதற்குள் அவர் வீடு, பட்டறை, படகுத்துறை,
அந்தப் போர்வை,
ஓர் இலை இருந்த இடத்தில்
விரலளவு கறை.

"எத்தனை?" என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனோ,
படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.
அவர் எண்ண ஆரம்பித்தார், உரக்க, பொறுமையாக.
பதினேழில் இருமினார்.

ஆறு ஐம்பத்து மூன்று.
கோட்டைப் பிடித்து இழுத்தேன்,
மூன்று பிக்சல் கிழக்கே,
ஒரு துணிக்கொடி
உள்ளே வரும் அளவுக்கு.