ஆம்

தரம் ஏழு, சைவநெறி, மூன்றாம் தவணை.
நாற்பத்தொரு தாள்.
குவார்ட்டஸில் கரண்ட் இல்லை,
மஸ்கெலியாவில் நவம்பரில் அது புதினமுமில்லை.
மெழுகுதிரியைச் சோசரில் ஒட்டிவைத்துத்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கடவுள் எங்கே இருக்கிறார்?
எங்கும் இருக்கிறார். இரண்டு புள்ளி.
எங்கும் இருக்கிறார். இரண்டு புள்ளி.
எங்கும் நிறைந்திருக்கிறார்.
‘நிறைந்து’க்குத் தனிப் புள்ளி கிடையாது.
பதினேழாவது தாள், தர்மலிங்கம் ஜெனோஷிகா:
எங்கும் இருக்கிறாராம்.

கைதவறி எழுதியிருப்பாள் என்று
அடுத்த கேள்விக்குப் போகிறேன்.
ஆன்மா அழியாதாம்.
செய்த வினை திரும்பி வருமாம்.
இறைவன் உருவமாம், அருவமாம், அருவுருவமாம்.
பிழை என்று எதையும் சொல்ல முடியாது.
நான் கரும்பலகையில் எழுதியது
எழுத்துக்கெழுத்து அப்படியே இருக்கிறது.
கடைசியில் மட்டும் ஒரு கதவைச்
சாத்தாமல் போயிருக்கிறாள்.

எதிர்த்துப் பேசுகிற பிள்ளையும் அல்ல.
திருநீறு கலையாமல் வருவாள்.
பதிகம் சொல்லச் சொன்னால்
கண்ணை மூடிக்கொண்டு பிசகாமல் சொல்வாள்.

பிறகு யோசித்தேன்.
லயத்தில் எல்லாமே அப்படித்தானே முடிகிறது:
நாள் சம்பளம் கூடுமாம்.
ஏழு பேர்ச் காணி தருவாங்களாம்.
ஒழுகுற தகரத்த அடுத்த மாசம் மாத்துவாங்களாம்.
குவைத்துல இருக்கிற அம்மா
பொங்கலுக்கு வந்துருவாங்களாம்.
பன்னிரண்டு வயதுக்குள்
அவளுக்குச் சொல்லப்பட்டவற்றில்
கடவுள் ஒன்றும் பெரிய பொய்யில்லை,
பெரிய உண்மையும் இல்லை.
வந்து சேர்ந்த இன்னொரு செய்தி.

நான் கணிதம் கேட்டவள்.
நியமனக் கடிதத்தில் சமயம் வந்தது.
ஏழும் ஐந்தும் பன்னிரண்டாம் என்று
ஒரு பிள்ளை எழுதினால் சிரித்துவிட்டு
அவரைக்கொட்டையை எண்ணிக் காட்டலாம்.
இங்கே எதை எண்ணிக் காட்ட?
சமய பாடவேளையில் வகுப்பு மூன்றாய்ப் பிரியும்:
எங்கள் பிள்ளைகள் மண்டபத்தில்,
வேதக்காரப் பிள்ளைகள் ஜம்பு மரத்தடியில்,
ரிஸ்னாவும் அவள் தம்பியும் நூலகத்தில், ஆசிரியர் இல்லாமல்.
ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையில் ஒரு பாதம்.
யாருடையது என்று
ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விடை,
எல்லா விடைக்கும் இரண்டு புள்ளி.

கவ்வாத்து வெட்டுகிற கத்தி நான் என்று
சொல்லிவிட்டு அழலாம்.
இந்த மலையில் எதற்கும்
தேயிலையைத்தான் உவமைக்கு இழுப்போம்.
வெட்டாமல் விட்ட செடி மரமாகும், பூக்கும், உண்மை.
பிள்ளைகள் செடியில்லை,
அதுவும் உண்மை.

எனக்கு ஒன்பது வயது, மண் சரிந்த இரவு.
கோயில் மடத்தில் முப்பது பேர் ஒடுங்கிக் கிடந்தோம்.
பொருள் தெரியாமல் பாடமாக்கிய பதிகமொன்று
தானாகவே வாயில் ஓடியது, விடியும்வரை.
முத்துவீரன் மாஸ்டர் அதைப்
பிரம்பால்தான் உள்ளே ஏற்றினார்.
அந்தப் பிரம்பை நான் மன்னிக்கவில்லை.
அந்தப் பதிகத்தைத்
திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன்.

காலையில் அதிபரிடம் கொண்டுபோனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
“எழுத்துப் பிழை. வெட்டிட்டு முழுப் புள்ளி போடுங்க.
வலயத்துல இருந்து தாள் பார்க்க வந்தாலும் வருவாங்க.”

வெட்டத்தான் போனேன்.
சிவப்புப் பேனா அந்த ஈரெழுத்தின்மேல் நின்றது.
தனியாய் நின்றால் ஒப்புக்கொண்டேன் என்று பொருள்.
வாலாய் ஒட்டிக்கொண்டால்
யாரோ சொன்னார்கள் என்று பொருள்.
என்னுடையது எந்த ஆம் என்று
பதினான்கு வருஷமாய்
யாரும் எனக்குத் தாள் தந்து கேட்டதில்லை.

வெட்டவில்லை. புள்ளியும் குறைக்கவில்லை.

திங்கட்கிழமை தாள் கைக்கு வந்ததும்
ஜெனோஷிகா விரல் வைத்து
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது.
“எத்தனைடி?” என்றது பக்கத்துப் பிள்ளை.

“எண்பத்திரெண்டாம்.”