கரையிறங்கும் அட்டை

காலை எட்டரைக்குக் காங்கேசன்துறை.
கழுத்தில் மாட்ட ஆளுக்கோர் அட்டை தந்தார்கள்:
வசந்தமலர், அறை 6114, மாலை நாலரைக்குள் திரும்பவும்.
மற்றவர்கள் நல்லூருக்கும் கீரிமலைக்கும் பஸ் ஏற
நீ வான்காரனிடம் போய் முல்லைத்தீவு என்றாய்.
"அக்கா, போக மூண்டு மணித்தியாலம், வர மூண்டு.
சாப்பிட்டா நிண்டு பாக்க நேரமிராது."
"சாப்பிடத் தேவையில்லை."

நான் இணுவிலான்.
ஐம்பத்தாறு வயதில் ஆனையிறவுக்குத் தெற்கே
ஒரே ஒருமுறை, அதுவும் இரவு பஸ்ஸில், நித்திரையில்.
எங்கள் வீட்டில் வன்னி என்றால்
நெல்லும் நுளம்பும், மாற்றலாகிப்போன வாத்திமாரின் முறைப்பாடும்.
இதைப் பதிவு முடிந்த அன்று
ஸ்காபரோவில் கொத்துரொட்டிக் கடையில் உனக்குச் சொன்னேன்.
நீ சிரிக்கவில்லை.
உன் தட்டு வெங்காயத்தைப் பொறுக்கி என் தட்டில் போட்டாய்.

பரந்தனில் இடப்பக்கம் திரும்பினோம்.
சாரதி நிதர்சனுக்கு இருபத்திரண்டு வயது,
ஏசி போட்டால் வான் இழுக்காது என்றான்.
யன்னலால் வந்த காற்று
கப்பலில் நீ வாங்கிய தொப்பியைக் கொண்டுபோனது.
சோழகம் என்றேன். கச்சான் என்றாய்.
தொப்பி ஒரு வேலிக்கம்பியில் ஏறி இருந்தது.
"நிப்பாட்டவா?"
"போகட்டும் தம்பி."

தருமபுரம் தாண்டி ஒரு பெண்
பால்மாப் பேணியால் பாலைப்பழம் அளந்து விற்றாள்.
நீ ஆறு பேணி வாங்கினாய்.
"பழம் கப்பலுக்குள்ள விடமாட்டாங்கள்."
"அப்ப இப்பவே தின்னுங்கோ."

பாலைப்பழத்தின் பால் உதட்டில் பிடித்தால் விடாது.
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
விசுவமடுவில் என் வாய் ஒட்டிக்கொண்டது,
உடையார்கட்டில் உனது.
அதற்கப்பால் மூவரும் பேசாமல் வந்தது
அந்தப் பசையால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வட்டுவாகல் பாலத்துக்குச் சற்று முன்னால்
நிதர்சனின் தோளை ஒரு விரலால் தொட்டாய்.
செருப்பை வானுக்குள் விட்டு இறங்கினாய்.
நான் கதவில் கை வைத்தேன்.
திரும்பாமலே கையை விரித்துக் காட்டினாய், இருங்கோ என்று.

உன் முதல் கணவரின் பெயர் எனக்குத் தெரியும்.
பதிவுப் படிவத்தில் அவருக்கு இரண்டே கட்டங்கள்:
இறந்தவர், மணமுறிந்தவர்.
நீ பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்
தண்ணீர் குடித்து வந்து ஒன்றில் கீறினாய்.
நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் போனது, பின்னால் மீன்பெட்டி.
இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் வலை எறிந்தார்கள்.
நிதர்சன் பாட்டைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான்.
கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.
"தம்பி அப்ப எங்க இருந்தனீர்?"
"இஞ்சதான் அண்ணை. எட்டு வயசு."
கண்ணாடியைத் துடைத்தான். உள்பக்கம், வெளிப்பக்கம்,
மறுபடி உள்பக்கம்.

நீ வந்து ஏறினாய். கணுக்கால் வரை சேறு.
"கனநேரம் போச்சே?"
"பதினேழு நிமிசம்."
"ரெண்டு எண்டு நினைச்சன்."
பிறகு, "திருப்புங்கோ தம்பி."
முல்லைத்தீவை நாங்கள் பார்க்கவில்லை.

துறைமுகத்தில் ஒரு நாய் பைகளை மோந்தது.
பழம், விதை, மண் ஏதும் உண்டா என்றார் அதிகாரி.
இல்லை என்று சொல்லப் போனாய்,
உதடு பாதிதான் திறந்தது.
உன் காலை அவர் பார்க்கவில்லை.

அறைக்குத் தேங்காயெண்ணெய் கேட்டேன்.
மணிப்பூர்ப் பெடியன் ஒருவன்
சலாட்டுக்கு என்று நினைத்து, ஒலிவ் எண்ணெயும்
இரண்டு எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்தான்.
பஞ்சில் தொட்டு உன் மேலுதட்டைத் துடைத்தேன்.
கீழுதட்டை நீயே துடைத்தாய்.
கப்பல் எப்போது அசைந்தது என்று தெரியாது,
எண்ணெய் கிண்ணத்தில் ஒருபக்கம் சாய்ந்தது.
"நாளைக்கு எந்த ஊர்?" என்றாய்.
"நாளைக்குக் கடல்தான்."
அட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டாய்,
காலையும் கழுவாமல்.